உருப்படி ஒன்பது

அப்பாவின் சட்டைப்பை நோட்டுகளில் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அகலம், சிவப்பு அட்டை. அதில் ஒரு பக்கம் இது:

சனி, ஜூலை 28.
காலை 9.05. கீழ்க்குடில். உருப்படி 9. சரி.
10.15. மேல்குடில்.
12.40. புறப்பாடு, தனியாக.
1.05. ஓடை. கணுக்கால்.
1.30. கீழ்க்குடில்.
1.50. திரும்புதல்.
ஞாயிறு காலை 7.10. ஓடை. மறுகரை.
உப்பு: என் மறதி.

ஆண்டு எழுதவில்லை. நடப்பு ஆண்டு எதுவென்று எல்லோருக்கும் தெரியும் என்பது அவர் கட்சி. என் சிறுவயதில் ஜூலை இருபத்தெட்டு சனிக்கிழமையாக வந்த ஆண்டுகளைத் தேடினேன். 2001, 2007, 2012. முதலாவதில் எனக்கு நான்கு வயது, மலையேற முடியாது. கடைசியில் பதினைந்து, கூப்பிட்டால் மறுத்திருப்பேன். மாதா கோவிலில் கொடியேறிய மறுநாள் கிளம்பினோம் என்பது என் நினைவு. கொடியேற்றம் எப்போதும் ஜூலை இருபத்தாறு. 2007-இல் அது வியாழக்கிழமை. வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பினோம். ஆகவே 2007. எனக்குப் பத்து வயது.

கடைசி இரண்டு வரிகள் மட்டும் பச்சை மையில் இருக்கின்றன. அதற்கு வருகிறேன்.

அப்பா அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டைகளையும் இறங்கும் மூட்டைகளையும் பக்கத்தில் நின்று எண்ணிக் குறிப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கே போனாலும் பஸ் ஏறும்போது சாமான்களை எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார், எண்ணியதும் நேரத்தோடு நோட்டில் போடுவார். எங்களையும் சேர்த்தே எண்ணுகிறார் என்று அம்மா குறைப்படுவாள்.

மலைக்குப் போகும் யோசனை மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி, ஆறுமுகநேரியில் ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளர். அங்கே உப்பு எடுக்கும் செங்கோட்டை வியாபாரி ஒருவருக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. தோட்டத்தில் ஆட்கள் தங்க இரண்டு குடில்கள். ஆடி மாதம் சும்மாதான் கிடக்கின்றன, நடந்து போய்த் தங்கிவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆடியில் அவை ஏன் சும்மா கிடக்கின்றன என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாததற்கும் காரணம் உண்டு. எங்களுக்கு ஆடி என்றால் காற்று. வாயைத் திறந்தால் மணல், கொடியில் காயும் துணி அடுத்த தெருவில். மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவது. அதற்குள் விளைந்த உப்பை வாரி, அம்பாரம் போட்டு, பனையோலை கொண்டு மூடிவிட வேண்டும். குற்றாலத்துச் சாரல் தெரியும்தான். ஆனால் எங்கள் கணக்கில் சாரல் மழையில் சேராது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவர்கள் மேல் இதமாக விழுவது அது.

"மழைக்கு ஏதாவது எடுத்துக்கிடணுமாலே?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

"அக்கா, வருசம் பூரா வானத்தப் பாத்துப் பொழைக்குதவன் நான். ஆடியில எங்கக்கா மழை? ஆளுக்கொரு துண்டு எடுத்துக்க, போதும்."

அப்பா அவர் பங்குக்கு வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "கூண்டு ஏத்தல" என்றார். வானிலை ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. கூண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கானது. நாங்கள் போகவிருந்தது கடலுக்கு நேர் எதிர்த் திசை.

குடைக்குப் பதிலாக நாங்கள் எடுத்துக்கொண்டது உப்பு. மலையில் அட்டை கடிக்கும், உப்பைக் கண்டால் உதிர்ந்துவிடும் என்று வியாபாரி எச்சரித்திருந்தார். உப்பளத்துக்காரர் குடும்பம் கொஞ்சமாகவா கொண்டுபோகும்? மஞ்சள் துணிப்பையில் மூன்று கிலோ கல்லுப்பு. அதைச் சுமக்கும் பொறுப்பு எனக்கு. "மருமவளே, வெள்ளத் தங்கம். பத்திரம்" என்று மாமா என் தோளில் மாட்டிவிட்டார். அதோடு சேர்த்து எங்கள் சாமான்கள் ஒன்பது.

செங்கோட்டை தாண்டி ஜீப் நின்ற இடத்தில் தோட்டத்துக் காவல்காரர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். தலையில் பிளாஸ்டிக் சாக்கை முக்காடு மாதிரி கொங்காணி போட்டிருந்தார்.

"வெயிலே இல்லையே அண்ணாச்சி, எதுக்கு இது?" என்றார் மாமா.

"வெயிலுக்கா போடுவாக?" என்றார் அவர்.

மாமா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

மூன்று மணி நேரம் ஏறினோம். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு பக்கம் வானம் தரைவரை இறங்கியிருக்கும். இங்கே வானத்தை அண்ணாந்து தேட வேண்டியிருந்தது. முன்னால் போகிறவர் வளைவில் மறைந்தால் ஓடிப்போய் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேன். யாரையாவது தொலைத்துவிடுவோம் என்ற பயம் அந்த முதல் மணி நேரத்திலேயே வந்துவிட்டது. தொலைவது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கீழ்க்குடில் ஒரே அறை. மரக்கால்கள், மூங்கில் தட்டிச் சுவர், ஈத்தை இலைக் கூரை. ஈத்தை என்பது மூங்கிலின் ஒல்லித் தம்பி. படுக்க இடுப்பு உயரத்தில் ஒரு பரண். நடுவில் மூன்று கல் அடுப்பு, மூலையில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கு. சன்னல் கிடையாது, புகை கூரை வழியாகத் தானே போய்க்கொள்ள வேண்டும். அப்படிப் போகும் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமல் காப்பது என்றார் காவல்காரர். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே கழிப்பறை எங்கே என்று கேட்டாள். அவர் கையை நீட்டி மலை முழுவதையும் காட்டினார்.

அன்று மாலை உப்புப் பையை இறக்கி வைத்தபோதுதான் கவனித்தேன். பையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. சொட்டுச் சொட்டாக ஒரு கலங்கல் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. என் முதுகில், புதுச் சட்டையில், வெள்ளையாக ஒரு கறை. வழியில் அட்டை கடித்திருந்த இடத்தில் அது பட்டு எரிந்தது.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பஸ்ஸில் மூடி சரியாக மூடாத என் தண்ணீர் பாட்டிலை அந்தப் பையின் மேல்தான் வைத்திருந்தேன். வெள்ளைத் தங்கத்தை நனைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பையைப் பரணுக்கு அடியில் தள்ளினேன். காலையில் பார்த்தால் இன்னும் அதிகமாகச் சொட்டியிருந்தது. கீழே மண்ணில் சின்னக் குட்டை. ஒரு பாட்டில் தண்ணீர் இரவெல்லாம் எப்படிச் சொட்டும் என்று யோசிக்கிற வயதுதான். பயம் யோசிக்க விடவில்லை.

சனிக்கிழமை காலை மேல்குடிலுக்குக் கிளம்பினோம். நடுவில் ஓர் ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். அப்பா வாசலில் நின்று எண்ணினார். அரிசி, பாத்திரச் சாக்கு, போர்வைக் கட்டு, தண்ணீர் கேன், அம்மாவின் கூடை, தோள்பை இரண்டு, என் பள்ளிக்கூடப் பை, உப்பு. "ஒம்பது. சரி" என்று நோட்டில் போட்டார்.

அவர் நோட்டை மடக்கியதும் நான், "தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினேன். உப்புப் பையை விறகு அடுக்குக்குப் பின்னால், சுவருக்கும் விறகுக்கும் நடுவில் இருந்த சந்தில் திணித்தேன். துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன். நாளை திரும்பி வரும்போது காய்ந்திருக்கும் என்பது என் திட்டம்.

ஓடையில் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். கூழாங்கல்லை எண்ணலாம். அம்மா புடவையைக்கூடத் தூக்கவில்லை.

மேல்குடிலில் உட்கார்ந்ததும் அம்மா அலறினாள். இரண்டு காலிலும் பன்னிரண்டு அட்டைகள். எண்ணியது அப்பா.

"புடுங்காதீங்க தங்கச்சி, வாய் உள்ளேயே நின்னுரும். உப்பு ஒரு சிட்டிகை வைங்க" என்றார் காவல்காரர்.

உப்பைத் தேடினார்கள். பாத்திரச் சாக்கைக் கவிழ்த்தார்கள். காவல்காரர் தன் உப்புச் சிரட்டையும் கீழ்க்குடிலில்தான் இருக்கிறது என்றார்.

"ஏளா, உங்கிட்டதான இருந்துச்சு?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"அப்பா பையில வச்சேன்" என்றேன்.

"எப்போ?"

"கெளம்பும்போது."

அப்பா தன் தோள்பையைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீண்ட பார்வை ஒன்றுமில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினார், மறுபடி சட்டைப்பையில் வைத்தார், அந்த நேரம்தான். "அப்படியா? அப்போ நான்தான் எங்கயோ வச்சுட்டேன் போல" என்றார்.

மாமா கைதட்டிச் சிரித்தார். "அத்தான், கப்பல்ல மூட்டை எண்ணுத லட்சணம் இதுதானா? ஒம்பது சரின்னு எழுதுன நோட்டக் குடுங்க, நான் ஃபிரேம் போட்டு மாட்டுதேன். உப்பளத்துக்காரன் குடும்பம் உப்பில்லாக் கஞ்சி குடிச்ச கதை ஆறுமுகநேரிக்குத் தெரிஞ்சா எனக்கு அங்கன வேலை இருக்குமா?"

அப்பாவும் சிரித்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொய் இவ்வளவு லேசாகப் பலித்துவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்பா மறதிக்காரர் என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்தேன்.

அட்டைகளைக் காவல்காரர் கொள்ளிக்கட்டையைக் காட்டி விழ வைத்தார். ஆனால் இரண்டு வேளைச் சமையல் பாக்கி, மறுநாள் அதே அட்டைக் காட்டில் இறங்கவும் வேண்டும். பன்னிரண்டரை மணிக்கு அப்பா எழுந்தார்.

"நான் போய் எடுத்துட்டு வந்துருதேன்."

"நீங்க எதுக்கு அண்ணாச்சி? நான் போறேன்" என்றார் காவல்காரர்.

"மறந்தவன் நான்லா. வழி தெரியும். போக அம்பது நிமிசம், வர அம்பது. ரெண்டு இருவதுக்கு இங்க இருப்பேன்."

"சரி. ஓடையில தண்ணி தெளிவா இருந்தா இறங்குங்க. கலங்கி வந்துச்சுன்னா, இலை தழை மெதந்து வந்துச்சுன்னா, கால வைக்காதீங்க. மேல எங்கயோ பெய்யுதுன்னு அர்த்தம். இந்தப் பக்கம் வெயிலடிச்சாலும் நம்பக் கூடாது."

அப்பா தலையாட்டினார். நோட்டை அதன் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானிட்டார். துறைமுகப் பழக்கம். வளைவில் மறையும்வரை அவர் முதுகைப் பார்த்தேன்.

மழை ஒன்றே முக்காலுக்கு வந்தது. நேரம் அம்மா சொன்னது, மாமாவும் மறுக்கவில்லை. முதலில் ஓசைதான் வந்தது. மேலே எங்கோ லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. அது மரங்கள் வழியாக எங்களை நோக்கி இறங்கியது. கூரைக்கு வந்து சேர்ந்தபோது அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா பேசியது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"சாரல்தான், இப்ப விட்டுரும்" என்று மாமா கத்தினார். கால் மணி நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நாற்பது, ஒன்று முப்பது, இரண்டு இருபது. வீட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்பா சொன்ன நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். இரண்டு இருபது வந்தது. போனது. மாமாவின் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அவர் எரிச்சலாகி அதைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்.

காவல்காரர் கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடையைப் பார்க்கப் போனார். அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"மழையே இல்லன்னியேலே. வானத்தப் பாத்துப் பொழைக்குதவன்னியே."

மாமா வாசல் வழியாக மேலே எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இந்த மரத்துக்குள்ள வானத்த எங்கக்கா பாக்க? அந்த உப்பு மட்டும் என் கண்ணு முன்னால இருந்திருந்தா நேத்தே சொல்லிருப்பேன். காத்துல ஈரம் ஏறுனா கல்லுப்பு தண்ணியாக் கசியும். இம்புட்டு மழைக்கு நேத்து சாயங்காலமே ஊத்திருக்கும்."

எனக்கு அந்த வருடக் கோடை விடுமுறை ஞாபகம் வந்தது. உப்பளத்தில் மாமா அம்பாரத்துக்குள் முழங்கைவரை கையை விட்டு, வெளியே எடுத்து, உள்ளங்கை பளபளப்பதைப் பார்த்துவிட்டு, வானம் வெறிச்சென்று இருக்கும்போதே ஓலை கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அன்று சாயங்காலம் கோடை மழை பெய்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"ஏளா, நீதான சொமந்த" என்றார் மாமா. "பை ஈரமா இருந்துச்சா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை. மழையின் இரைச்சலில் அதைச் சொல்வதுகூட எளிது.

"இல்ல மாமா" என்றேன்.

காவல்காரர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். உடம்பிலிருந்து தண்ணீர் ஓடியது.

"தண்ணி செவந்து வருது. கட்டையெல்லாம் புரட்டிட்டு வருது. இன்னைக்கி அந்தப் பக்கம் போக முடியாது."

"அவுக இறங்கிருப்பாகளா?" என்றாள் அம்மா.

"நான் சொல்லிருக்கேனே தங்கச்சி. கலங்குனா இறங்க மாட்டாக. அங்கன குடில் இருக்கு, அடுப்பு இருக்கு, படுத்துக்கிடுவாக."

"உங்களுக்கு அவுகளத் தெரியாது அண்ணாச்சி. ரெண்டு இருவதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

அம்மா அதை அழுகையில்லாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அவள் உப்பில்லாமல் கஞ்சி வைத்தாள். நான்கு பேருக்கு வைத்துவிட்டு, யோசித்து, இன்னொரு கை அரிசி போட்டாள். மாமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிக்கலாம், நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் தட்டும் நிறைந்தபடிதான் கழுவப்பட்டது.

அன்றிரவைப் பற்றி எழுத அதிகமில்லை. நான் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தேன், யாரும் தூங்கவில்லை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒவ்வொரு சொட்டும் எனக்கு உப்புப் பையாகக் கேட்டது. விடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அப்பா வந்தால் சொல்லிவிடுகிறேன் என்று சாமியிடம் பேரம் பேசினேன். வராவிட்டால் என்ன செய்வது என்று பேரத்தில் சேர்க்கத் துணிவில்லை.

வெளிச்சம் வந்தபோது மழை நின்றிருந்தது. கயிற்றோடு எல்லோருமே ஓடைக்கு இறங்கினோம். அம்மா முன்னால் ஓடினாள், வழுக்கினாள், எழுந்து ஓடினாள். ஓடை நேற்று நான் பார்த்த ஓடை இல்லை. அகலம் மூன்று மடங்கு. தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. எவ்வளவு உயரம் வந்து போயிருக்கிறது என்பது கரையோரச் செடிகளில் மாட்டியிருந்த சருகில் தெரிந்தது. அது என் தலைக்கு மேலே இருந்தது.

எதிர்க்கரையில் ஒரு பாறைமேல் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை.

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காவல்காரர் கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையோடு தானே இறங்கிப் போய் அப்பாவைக் கூட்டி வந்தார். தண்ணீர் அப்போதும் தொடை அளவு. அப்பா பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கரையேறியதும் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்ன முதல் வாக்கியம்: "உப்பு கொஞ்சம் கரைஞ்சுட்டு."

"உப்புக்காகவா போனீக? உப்புக்காகவா?" என்று அம்மா அவர் முதுகில் அடித்தாள். அப்போதுதான் அழுதாள். அப்பா அடியை வாங்கிக்கொண்டு நின்றார். சட்டையில் மேல் இரண்டு பொத்தான்கள் இல்லை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிராய்ப்பு. ஒரு காலில் செருப்பு இல்லை.

"என்ன அத்தான் இது?" என்று மாமா கையைப் பிடித்துப் பார்த்தார்.

"வழுக்கிட்டு."

மாமா பையை வாங்கிப் பிரித்தார். மூன்று கிலோவில் இரண்டு கைப்பிடி மிஞ்சியிருந்தது. உள்ளே கைவிட்டு எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பையைக் கட்டினார். அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டில் வானிலை பேசியதாக எனக்கு நினைவில்லை.

"மணி என்ன மாப்ள?" என்றார் அப்பா. கடிகாரம் என்னிடம் இருந்தது. "ஏழு பத்து" என்றேன். நோட்டை எடுத்தார், பிளாஸ்டிக் உறைக்குள் அது நனையாமல் இருந்தது. பேனா போயிருந்தது. மாமா தன்னுடையதைக் கொடுத்தார். உப்பளத்தில் சரி பார்த்த மூட்டைக்குப் புள்ளி வைக்கும் பச்சை மைப் பேனா.

எழுதிவிட்டு அப்பா பையை என்னிடம் நீட்டினார். "இந்தா, பிடி. இனி இறக்கந்தான், கனமிருக்காது."

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சாமான்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அன்று எனக்குப் புரிந்ததெல்லாம் தப்பித்துவிட்டேன் என்பதுதான். அப்பா திரும்பி வந்துவிட்டார், உப்பும் வந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாமியோடு செய்த பேரத்தை ஊருக்குப் போய் நிறைவேற்றுவதாகத் தள்ளிவைத்தேன். ஊரில் காற்று வழக்கம்போல மணலை வாரிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

நோட்டு என் கைக்கு வந்தது போன ஆண்டு, அப்பா ஓய்வு பெற்றதற்குப் பின், அலமாரியைக் காலி செய்தபோது. தேதிகளைச் சரிபார்க்கும் கிறுக்கு எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். அந்தப் பக்கத்தை முதலில் வாசித்தபோது நேரங்களை மட்டும் பார்த்தேன். கீழ்க்குடிலை அடைந்தது ஒன்று முப்பது, கிளம்பியது ஒன்று ஐம்பது. மறந்து வைத்த பையை எடுக்க இருபது நிமிடம் ஆகாது. விறகு அடுக்கைக் கலைத்துத் தேடினால் ஆகும். அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் அவர் ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஓடையில் இருந்திருப்பார். மழை தொடங்கிப் பத்து நிமிடம்தான். தண்ணீர் அநேகமாகக் கணுக்காலில்தான் இருந்திருக்கும்.

ஒன்று ஐம்பதிலிருந்து மறுநாள் ஏழு பத்துவரை பதிவு இல்லை. நேரம் தெரியாத எதையும் அவர் எழுதமாட்டார். அதே அலமாரியில் அவருடைய பழைய கைக்கடிகாரமும் இருந்தது. இரண்டு பத்தில் நின்றிருக்கிறது. அந்த மலைப் பயணத்துக்குப் பிறகு அவர் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. "ஓடையில இறங்குனீங்களாப்பா?" என்று கேட்டேன். "மழையில நின்னுருக்கும்" என்று கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். "நோட்டுல இருக்குத பாரு" என்றார். நோட்டில் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பெரிது முதல் பதிவும் கடைசிப் பதிவும். 'உருப்படி 9. சரி' என்றால், ஒன்பது ஐந்துக்கு உப்புப் பை என் தோளில் இருந்ததைக் கண்ணால் பார்த்து எண்ணியிருக்கிறார். அப்படி எண்ணியவர், தன் பையில் வைத்தேன் என்று நான் சொன்னபோது, நோட்டைப் புரட்டிப் பார்த்தார். முப்பத்தாறு வருட வேலையில் ஒரு மூட்டை கூட்டியும் எழுதாமல், ஒரு மூட்டை குறைத்தும் எழுதாமல் வந்த மனிதர், மறுநாள் பச்சை மையில் 'என் மறதி' என்று எழுதினார். அதை எழுதும்போது அவருக்கு உண்மை தெரியும்; விறகுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தவர் அவர்தானே.

ஆனால் பன்னிரண்டு நாற்பதுக்கு, வளைவில் முதுகைக் காட்டிக்கொண்டு மறைந்தபோதே தெரியுமா? தெரிந்துதான் போனாரா?

அப்பா எங்களுக்கு மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார். கேட்டுவிடலாம். கேட்பதற்கு முன் நான் அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.